குற்றமெல்லாம் கோலுக்கு

செட்டியார் வீட்டு டிரைவர் ஒருநாள் காரைக் கோட்டையூர் வளைவில் ஒரு சுற்றுச்சுவர் மீது மோதிவிட்டார். ஒரு பக்க விளக்கு நொறுங்கி, பம்பர் உள்ளே போயிருந்தது. நாலு பேர் சேர்ந்து வண்டியை என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே அவரும் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். டிரைவர் தலையைக் குனிந்தபடி நின்றார். இன்றோடு இந்த ஆளுக்கு வேலை போயிற்று என்றுதான் நான் நினைத்தேன்.

செட்டியார் நேராகக் காருக்குள் போய் உட்கார்ந்து பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்துப் பார்த்தார்.

"பாய், இந்தப் பெடல் ரொம்பச் சின்னதால்ல இருக்கு? இவருக்குப் பெரிய காலு. வழுக்காம என்ன செய்யும்? முதல்ல இதை அகலப்படுத்துங்க. விளக்கெல்லாம் அப்புறம்."

அகலப்படுத்திக் கொடுத்தேன். அந்த டிரைவர் அதற்குப் பிறகும் இரண்டு முறை இடித்தார். இரண்டு முறையும் வேறு வேறு சாமானை மாற்றினோம்.

அப்படிப்பட்ட மனிதர். பெயர் எதற்கு? ஊரில் மறைவாக அவரை மட்டைச் செட்டியார் என்பார்கள். மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் இருபது வருசத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். ஒரு ஆளைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. பணியாரம் கருகினால் கல் சரியில்லை. கணக்குப்பிள்ளை தப்பாக எழுதினால் மூக்குக் கண்ணாடி சரியில்லை. ஒரே மகன் மூன்றாவது தடவையும் பரீட்சையில் தவறியபோது பேனாவை மாற்றிக் கொடுத்தார் என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். அது கட்டுக்கதையாக இருக்கலாம். ஆனால் அவரைத் தெரிந்த யாரும் அதை நம்பாமல் இருக்க மாட்டார்கள்.

அவர் எனக்குப் பழக்கமானது அந்தக் கார் விபத்துக்கும் முன்னால், அறுபத்தைந்து வாக்கில். காரைக்குடியில் லேத்தும் வெல்டிங்கும் வைத்து நான் தனியாகத் தொழில் தொடங்கிய புதிது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஆறடிக்குக் குறையாத உயரம். வந்து நின்று, "வண்டியில இருந்து வடிச்ச பழைய ஆயிலு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்கய்யா. கறையானுக்கு அடிக்கவா?"

"இல்ல. மணல்ல கலக்கணும்."

இரண்டு டின் ஏற்றி, என்னதான் செய்கிறார் என்று பார்க்க நானும் கூடப் போனேன். வீட்டுக்குப் பின்னால் பெரிய செம்மண் பொட்டல். அதன் கோடியில் வட்டமாகக் கொத்திச் சமப்படுத்தி, சலித்த ஆற்று மணலைப் பரப்பி வைத்திருந்தார். அதில் ஆயிலைத் தெளித்துக் கலந்து, கல் உருளையை இழுத்து அழுத்தினார். காற்றுக்கு மணல் பறக்காது, பந்து உருண்டு போகும். நடுவில் ஒரு பால்மாவு டப்பாவை விளிம்பு வரை புதைத்திருந்தார். அதுதான் குழி. தூரத்திலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடித்து அடித்துக் கொண்டுவந்து கடைசியில் அந்த டப்பாவுக்குள் விழச் செய்ய வேண்டும். மலாயாவில் துரைமாரோடு ஆடிப் பழகிய கோல்ஃப் ஆட்டம் அது. அங்கே பதினெட்டுக் குழி, பச்சைப் புல். இங்கே ஒரே குழி, எண்ணெய் மணல். தினம் சாயங்காலம் தனியாக ஆடுவார்.

தோல் பையில் பதினோரு கோல் வைத்திருந்தார். மரத்தலை வைத்தது தூரத்துக்கு, இரும்புத்தலை வைத்தது கிட்டத்துக்கு. நம் ஊர் வெயிலில் மரத்தலை வற்றிச் சுருங்கிக் கழுத்தில் ஆடும். ஆளிவிதை எண்ணெய் தடவி, கழுத்தில் தூண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி, மெழுகு தேய்ப்பார். கைப்பிடித் தோல் காய்ந்து வெடித்தால் ஆட்டுத்தோலை நாடாவாக அறுத்துச் சாய்வாகச் சுற்றி ஒட்டுவார். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய். ஒரு கோலை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். நான் என் உளிகளை அப்படி வைத்துக்கொண்டதில்லை.

ஒருநாள் பட்டறைக்கு வந்தவர் முகம் வாடியிருந்தது. "பட்டர் சரியில்ல பாய். கழுத்து லேசா வளைஞ்சு போச்சு."

"யாருங்கய்யா, திருக்கோஷ்டியூர் கோயில் பட்டரா? வயசானவருக்கு அப்படித்தான். எண்ணெய் தேய்ச்சு உருவிவிடச் சொல்லுங்க."

அவர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். பிறகு பட்டறையே அதிரச் சிரித்துக்கொண்டு ஒரு கோலை எடுத்து என் கையில் வைத்தார். குழிக்குப் பக்கத்தில் வந்தபின் பந்தை மெல்ல உருட்டிவிடுவதற்கென்றே ஒரு கோல், தட்டைத் தலையோடு. அதன் பெயர் பட்டர். அன்றிலிருந்து எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. "பட்டர் சௌக்கியமா?" என்று நான் கேட்பேன். "இன்னிக்குக் கொஞ்சம் கோவமா இருக்காரு" என்பார்.

ஆனால் அந்தக் கோலில் வளைவு ஒன்றும் இல்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் சொன்னபடி கழுத்தைச் சூடாக்கி ஒரு நூல் அளவு சாய்த்துக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து வந்து, "அருமையா இருக்கு பாய்" என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். தலை லேசாக இருக்கிறது, ஈயம் வைக்க வேண்டும். வைத்தேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு கனம் கூடிப்போச்சு என்றார். கோல் நீளம் என்றார், அரை அங்குலம் வெட்டினேன். குட்டையாகிவிட்டது என்றார், குழாய்க்குள் மரக்கட்டை அடித்து நீட்டினேன். கைப்பிடி தடிமன் என்றார், உரித்து மெல்லிசாகச் சுற்றினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பந்து சில நாள் கட்டுப்படும். பிறகு பழையபடிதான்.

என்ன ஆகிறது என்று பார்க்க ஒரு சாயங்காலம் போனேன். நூறு கெஜத்திலிருந்து அவர் அடித்த பந்து அழகாகப் பறந்து வந்து குழிக்கு மூன்றடியில் நின்றது. பட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தார். அப்போதுதான் பார்த்தேன். கோலின் தலை பந்துக்குப் பின்னால் தரையில் லொட லொடவென்று தட்டிக்கொண்டிருந்தது, தையல் மிசின் ஊசியைப் போல. வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல அசைந்தன. பந்தைத் தொடும் நேரத்தில் கை ஒரு வெட்டு வெட்டியது. பந்து குழியைத் தாண்டி ஆறடி ஓடிற்று.

"பாத்தீகளா?" என்றார். "இது எம்பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது."

பார்த்தேன். பார்த்தும் என்ன சொன்னேன்? "கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமித்திப் பாப்பமாய்யா?" என்று சொன்னேன்.

அடுத்த மாதம் அவர் மனைவி பட்டறைக்கு வந்தார். ஆச்சி அதுவரை என் பட்டறைப் பக்கம் வந்ததில்லை. ஊஞ்சல் கொக்கி ஒன்று பற்ற வைக்க வேண்டும் என்று சொன்னார். கொக்கியில் உடைசல் எதுவும் இல்லை. லேத்தை நிறுத்தினேன்.

"பாய், ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"என்னது ஆச்சி?"

"அவுக கை."

கொக்கியைப் பட்டறைக்கல் மேல் வைத்தேன்.

"சட்டைப் பித்தானை நாந்தான் போட்டு விடுறேன். பித்தான் ஓட்டை சின்னதுங்கிறாக. எல்லாச் சட்டையிலயும் ஓட்டையைப் பெரிசாக்கித் தச்சிட்டேன். காப்பி தளும்புனா டம்ளரு அகலம்ங்கிறாக. ஒடுக்கமா எட்டு டம்ளரு வாங்கியாச்சு. நான் சொன்னா வேற பேச்சுக்குப் போயிருவாக. சாமான் விசயத்துல ஒங்க வார்த்தைதான் அவுகளுக்குப் பெரிசு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க பாய். டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயிருவேன்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாளே போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவர் பொட்டலில் கோலோடு நின்றார்.

"ஐயா, கோலை நல்லாப் பாத்துட்டேன். கோல்ல ஒரு குறையும் இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. "நானும் அதைத்தான் நெனச்சேன் பாய். அப்ப தரையிலதான் இருக்கு."

அன்று பிற்பகல் முழுவதும் அவரோடு உட்கார்ந்து மணல் சலித்தேன். தரையும் சரியாகிவிட்டது. அடுத்தது பந்து. உள்ளே ஒரு பக்கம் கனம் கூடியிருந்தால் பந்து கோணலாக ஓடுமாம். அதற்கு ஒரு சோதனை மலாயாவில் கற்றிருந்தார். ஆச்சி ஒரு பித்தளை அண்டாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பந்து மிதக்கும் வரை உப்பைக் கொட்டிக் கரைத்தோம். மிதக்கிற பந்தைச் சுற்றிவிட்டு, நின்றதும் உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி. மறுபடி சுற்ற வேண்டும். கனம் ஒரு பக்கம் இருந்தால் அதே புள்ளிதான் மேலே வரும். பத்துத் தடவை சுற்றினோம். பத்துப் புள்ளியும் பத்து இடத்தில் இருந்தன.

"நல்ல பந்து" என்றார். ஒரு நல்ல பொருளைப் பற்றி அவ்வளவு ஏமாற்றத்தோடு அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன்.

மலாயாவில் அவரோடு ஆடிய நாலைந்து பேர் வருசத்துக்கு ஒருமுறை கோடைக்கானலில் கூடுவார்கள். அந்த வருசம் என்னையும் கூட்டிப் போனார். கோலுக்கு ஏதாவது என்றால் அங்கே பார்க்க ஆள் வேண்டும் என்றார். நத்தம் வழியாகக் கார் போயிற்று. குன்றக்குடி மலையைத் தாண்டும்போது அவர் கைகூப்பினார். கூப்பிய கைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. சன்னலை ஏற்றிவிட்டு, "குளிரு" என்றார். சித்திரை மாதம்.

அங்கே கிளப்பில், ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற கோல்களை ஓர் அறையில் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். பட்டரை மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, அவர் ஆறு கோலைப் பொறுக்கினார். அவர் பொறுக்கும் விதமே தனி. முதலில் கழுத்துக்கு மேலே ஒரு விரலில் கோலைப் படுக்கவைத்து எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பார். கண்ணைத் திறக்கும்போது தலை நேராக நின்றால் அந்தக் கோல் அவருக்காகச் செய்தது என்று கணக்கு.

ஆறையும் புல்வெளிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பந்தை உருட்டினார். முதல் கோல் வெட்டியது. இரண்டாவதும் வெட்டியது. ஆறாவதை எடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு பயத்தைப் பார்த்தேன். அதுவும் வெட்டியது. ஆறையும் புல்லில் வரிசையாகக் கிடத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிடப் பொருத்தமான நேரம் எனக்கு வாய்க்கவே இல்லை. எல்லாச் சாட்சியும் வரிசையாகப் படுத்துக் கிடந்தன.

"ஆறும் ஒரே கம்பெனி போலருக்கு பாய்" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றேன்.

ஆட்டத்தில் கடைசிக் குழியில் ஓரடித் தூரம். குழந்தைகூடப் போட்டுவிடும். அவருக்குத் தவறியது. கூட்டத்தில் ஒருவர் டாக்டர். அவர் சிரிக்காமல் பக்கத்தில் வந்து, "எத்தனை நாளா இந்த நடுக்கம்?" என்று கேட்டார். இவர், "கைப்பிடி வழவழங்குது, மாத்தணும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். டாக்டர் என்னிடம் வந்தார். நடுக்குவாதம், கூடிக்கொண்டேதான் போகும், மதராசில் காட்டலாம் என்றார். "குணமாகுமாங்கய்யா?" என்று கேட்டேன். "ஆகாது. ஆனாலும் காட்டணும்" என்றார்.

ஊருக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "அப்ப அவுகளே சொல்ற வரைக்கும் விட்டுருவோமா பாய்?" என்று என்னைக் கேட்டார். விட்டுவிடலாம் என்றேன்.

இப்படியே இன்னும் ஒரு வருசம் ஓடியது. வளைப்பேன், நிமிர்த்துவேன், மறுபடி வளைப்பேன். ஒருநாள் அவர் எதிரிலேயே குறட்டில் மாட்டித் திருகும்போது பட்டரின் கழுத்து ஒடிந்து தலை கீழே விழுந்தது. இரும்பானாலும் எத்தனை தடவைதான் வளையும்? நான் வளைத்த வளைப்பில் உயிர் போய்விட்டது. இருபது வருசம் அவரோடு இருந்த கோல்.

அவர் என் தோளில் கையை வைத்தார். அந்தக் கையின் நடுக்கம் என் எலும்பு வரைக்கும் இறங்கியது.

"விடுங்க பாய். இரும்பு சரியில்ல. ஒங்க கை மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்படியே பட்டறைத் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழுதுகொண்டே சொன்னேன்: "இரும்பு நல்ல இரும்புய்யா. கோலும் நல்ல கோலு. கைதான்யா. ஒங்க கைதான்."

பக்கத்து அரவை மில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் அதைப் பிடித்து அமுக்கினார். இரண்டும் சேர்ந்து ஆடின.

"கையும் ஒரு சாமான்தானே பாய்" என்றார் கடைசியில். கோபமே இல்லை. "இதை எங்க குடுத்து மாத்துறது?"

எனக்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வாரமே மதராசுக்குப் போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வாய் உலர்ந்தது, கை அப்படியே இருந்தது. திரும்பி வந்தபின் அவர் கோலைப் பற்றிப் பேசவில்லை. பையை அறைக்குள் வைத்துவிட்டார். மணல் வட்டத்தில் நெருஞ்சி முளைத்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு யோசனை வந்தது. கடிகாரப் பெண்டுலத்தை யாரும் கையால் பிடிப்பதில்லை. மேல் முனை ஓர் இடத்தில் நின்றால் போதும், கீழ் முனை தானே நேராக ஆடும். கரண்டுக் கம்பி போகிற மெல்லிய குழாய் ஒன்றை அவர் நெஞ்சு உயரத்துக்கு வெட்டினேன். ஒடிந்த பட்டரின் தலையை அடியில் பற்றவைத்து, ஈயம் வார்த்துக் கனமாக்கினேன். மேல் முனையில் ஒரு மரக் குமிழ். குமிழை நெஞ்சில் ஊன்றிக்கொண்டு தோளை மட்டும் அசைக்க வேண்டும்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது சிரித்தார். "பட்டரு தாத்தாவா இது?" என்றார். நெருஞ்சியைக் கொத்திவிட்டு மணலை உருட்டினோம். பத்துக்கு ஐந்து பந்து விழுந்தது. டப்பாவில் டங்கென்று விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளேயிருந்து ஆச்சி எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் செட்டியார் பின்பக்கம் கூட்டிப்போய், "எங்க பாய் செஞ்சது. ஈப்போவுலகூட இப்படி ஒண்ணு கிடையாது" என்று காட்டுவார்.

எட்டு மாதம். அவ்வளவுதான் அந்தக் கோலால் வாங்கிக் கொடுக்க முடிந்தது. பிறகு நோய் காலுக்கு வந்தது. நடந்துகொண்டிருப்பவர் வாசற்படியில் அப்படியே நின்றுவிடுவார், கால் நகராது. குரல் இறங்கிக் காதை வாய்க்கருகில் வைத்தால்தான் கேட்கும் என்று ஆயிற்று. முகம் அசைவதை நிறுத்திக்கொண்டது. சிரிப்பு வந்தாலும் தெரியாது, வலி வந்தாலும் தெரியாது. கண் இமைப்பதுகூடக் குறைந்துவிட்டது.

எழுபத்தைந்தில் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக அங்கே போனேன். பின்வாசலில் அவரைச் சாய்வு நாற்காலியில் பொட்டலைப் பார்த்தபடி உட்கார்த்தி வைத்திருந்தார்கள். மணல் வட்டத்தைப் பெருக்கித்தான் வைத்திருந்தார் ஆச்சி. என்னைக் கண்டதும் அவர் விரல் அசைந்தது. காதைக் கொடுத்தேன்.

"ஆச்சி... ஆடட்டும்."

"நானா?" என்றார் ஆச்சி. "எனக்கென்ன தெரியும் அந்தக் கழுதை? கல்யாணமான நாள்லருந்து தொட்டதில்ல." சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நாலடித் தூரத்தில் பந்தை வைத்தேன். ஆச்சி குள்ளம். கோலின் குமிழ் அவர் மூக்குவரை வந்தது. தள்ளினார். பந்து எங்கோ போயிற்று. விரல் அசைந்தது, போய்க் கேட்டேன். "நீளம்."

பட்டறைக்கு ஓடிப்போய் ரம்பத்தை எடுத்து வந்து, அங்கேயே அளந்து அறுத்தேன். ஆச்சி மறுபடி தள்ளினார். "கனம்." ஈயத்தைச் சுரண்டி எடுத்தேன். பந்து குழியை உரசிக்கொண்டு போயிற்று. கேட்டேன். ஒரு சொல்லுக்கு அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "கழுத்து... அங்குட்டு." கோலின் தலையைக் காலால் மிதித்துக்கொண்டு கழுத்தை அவர் சொன்ன பக்கம் சாய்த்தேன். எண்ணெய் மணலில் ஆச்சியின் பாதம் முழுவதும் கறுத்துவிட்டது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நான் போகவில்லை. எத்தனையாவது தடவை என்று தெரியாது, ஆச்சி மெல்லத் தள்ளினார். பந்து மணலில் ஊர்ந்துபோய் விளிம்பில் ஒரு கணம் நின்று, உள்ளே விழுந்தது.

ஆச்சி கோலைக் கையில் பிடித்தபடி சின்னப் பெண்ணைப்போலத் திரும்பினார். நாற்காலியில் அவர் அசையவில்லை. அதே முகம். ஆச்சி பக்கத்தில் வந்து குனிந்து அந்தக் கண்களுக்குள் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பாத்தாகளா பாய்?"

கண் திறந்துதான் இருந்தது. பொட்டலைப் பார்த்துத்தான் இருந்தது. விரல் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை.

"பாத்தாக, ஆச்சி" என்றேன்.